காலடியில் கசியும் மின்சாரம்

2004-ஆம் ஆண்டு ஜனவரி 16. நியூயார்க் நகரில் கடுங்குளிர். பெய்த பனி சாலையோரத்தில் சேறாகக் கிடக்க, அதன்மேல் மாநகரத்தார் தூவிய உப்பு கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ் வட்டாரத்தில் கிழக்கு 11-ஆம் தெரு வழியாக, மாலை நேரத்தில், முப்பது வயதுப் பெண் ஒருவர் தன் இரண்டு நாய்களுடன் நடந்து வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பெயர் ஜோடி லேன்.

தெருவில் பதிந்திருந்த ஓர் இரும்பு மூடியை நெருங்கியதும் நாய்கள் அலறித் துள்ளின. அவற்றுக்கு என்ன ஆயிற்றென்று பார்க்கக் குனிந்தவர் நிலை தடுமாறி அந்த ஈர இரும்பின்மேலேயே விழுந்தார். அதன்பின் எழவில்லை.

பிறகு அளந்து பார்த்தபோது அந்த மூடியின் சட்டத்தில் 57 வோல்ட் இருந்தது. நம் வீட்டு பிளக் பாயின்டில் வருவது 230 வோல்ட். அதில் நாலில் ஒரு பங்கு. மூடிக்குக் கீழே இருந்தது கான் எடிசன் என்ற மின்நிறுவனத்தின் ‘சர்வீஸ் பாக்ஸ்’. தெருவுக்கடியில் ஓடும் மின்வடத்திலிருந்து கட்டடங்களுக்குக் கிளை பிரிக்கிற குழி. ஓராண்டுக்கு முன் அதில் பழுது பார்த்தபோது ஒரு ஒயரின் முனையைச் சரியாகக் காப்பிடாமல் விட்டிருந்தார்கள். டேப் சுற்ற வேண்டிய முறையில் சுற்றவில்லை. காலப்போக்கில் காப்பு தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டது. அன்றிலிருந்து அந்த மூடி உயிரோடு இருந்திருக்கிறது. எத்தனை பேர் அதைத் தாண்டிப் போனார்களோ! ரப்பர் ஷூவும் உலர்ந்த நாட்களும் அவர்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

இந்தக் கட்டுரைக்காக அந்த மரணத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு நினைவுக்கு வந்தது நம்மூர் மழைக்காலம்தான். “அந்த இ.பி. பெட்டிப் பக்கம் போகாதே, தண்ணி நிக்குது பாரு” என்று என் அம்மா வாசலில் நின்று கத்துவார். சென்னைத் தெருக்களில் வளர்ந்த எல்லோருக்கும் இப்படி ஒரு குரல் பழக்கம். அந்தக் குரலில் இருப்பது அன்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு நகரத்தின் மின்பாதுகாப்பு முழுவதையும் வாசலில் நிற்கும் தாய்மார்களின் தொண்டையை நம்பி விட்டிருக்கிறோம். நடப்பவர் கவனமாக இருந்தால் போதும் என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த 11-ஆம் தெரு மூடி எனக்குக் காட்டியது. அதில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நடந்து போகிறவருக்கு வழியே இல்லை. நிறம் மாறாது, புகை வராது, சத்தம் கேட்காது.

ஃபியூஸ் ஏன் போகவில்லை?

இந்த இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒயர் இரும்பைத் தொட்டுவிட்டது, இரும்பு மண்ணில் புதைந்திருக்கிறது, அப்படியானால் கரண்ட் முழுக்க மண்ணுக்குள் இறங்கி ஃபியூஸ் உருகியிருக்க வேண்டாமா?

வேண்டும் என்றுதான் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. மண் நல்ல கடத்தி என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறியிருக்கிறது. இடியைத் தாங்குகிறது, எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டுக் கம்பி இறக்குகிறோம், ஆகவே எதைக் கொடுத்தாலும் மண் விழுங்கிவிடும் என்று நம்புகிறோம். ஆனால் ஓர் இரும்புச் சட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் இடையே பத்து ஓம், இருபது ஓம் தடை இருப்பது சாதாரணம். பத்து ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர். தெருவில் ஓடும் வடத்துக்குக் காவலாக இருப்பது 100 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், இந்த 23 ஆம்பியரை அது ஒரு வீட்டில் ஏ.சி.யும் ஹீட்டரும் ஓடுகிற கணக்காகத்தான் பார்க்கும். உருகாது. நாள் முழுக்க, மாதம் முழுக்க அப்படியே இருக்கும்.

அந்த 23 ஆம்பியர் மண்ணைச் சூடாக்குவதில் மணிக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் வீணாகும். யாருடைய மீட்டரிலும் அது ஏறாது. ஆகவே யாரும் புகார் செய்ய மாட்டார்கள். விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். மின்சாரம் நின்றுபோனால் ஒரு மணி நேரத்தில் லைன்மேன் வந்துவிடுகிறார். மின்சாரம் கசிந்தால் வருவதற்கு யாருக்கும் காரணமே இல்லை.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி, மண்ணை நம்பாமல் உலோகத்தை நம்புவது. மூடி, சட்டம், கம்பம், பெட்டி எல்லாவற்றையும் ஒரு தடித்த செம்புக் கம்பியால் நியூட்ரலோடு கட்டிவிட வேண்டும். அப்போது ஃபேஸ் ஒயர் இரும்பைத் தொட்டால் கரண்ட் மண்ணைச் சுற்றிக்கொண்டு போகாமல் கம்பி வழியே திரும்பி ஓடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். அந்தக் கம்பி துருப்பிடித்துப் போனாலோ, பழுது பார்த்தவர் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்தாலோ, பாதுகாப்பு மறுபடியும் மண்ணின் தலையில் வந்து விழுகிறது.

57 வோல்ட்டில் சாவு எப்படி வரும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். அதனால்தான் குறைந்த வோல்டேஜ் நம்மை ஒன்றும் செய்வதில்லை. தோல் நனைந்தால், அதிலும் உப்புநீரில் நனைந்தால், உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்குச் சரிந்துவிடும். 57 வோல்ட் என்றால் 57 மில்லி ஆம்பியர். வீட்டில் பொருத்தும் உயிர்காப்பு ஸ்விட்ச், அதாவது ஆர்.சி.டி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்குமேல் சில நொடிகள் மார்பு வழியே ஓடினால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கிவிடும் என்பதுதான் அந்த அளவுக்குக் காரணம். நம் வீட்டு 60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் கரண்டில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மனித உயிருக்குப் போதும்.

அதிலும் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்பது முக்கியம். நிற்கிற மனிதருக்கு ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். இதயத்தின் பக்கம் வருவது சிறு பங்குதான். கால் பிடித்து இழுக்கும், தசை சுருண்டுகொள்ளும், ஆள் விழுவார். விழுந்தபின் கை, மார்பு, முகம் எல்லாம் ஈரத் தரையில். அப்போதுதான் பாதை இதயத்தின் குறுக்கே வருகிறது. நாய்க்குத் தொடக்கத்திலிருந்தே அந்தக் கதிதான். செருப்பில்லாத நாலு கால்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் இதயம். அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்கசிவுள்ள மூடிகளைப் பல முறை முதலில் கண்டுபிடித்தவை நாய்கள்தான். பல நாய்கள் அந்தக் கண்டுபிடிப்பிலேயே செத்தன. சியாட்டிலில் 2010 நவம்பரில் ஒரு நாய் தெருவிளக்கருகே இருந்த உலோகத் தகட்டில் மிதித்து இறந்தது. அதன்பிறகுதான் அந்நகர மின்துறை தன் தெருவிளக்குகளை வரிசையாகச் சோதித்தது.

எடிசன் காலத்துக் குதிரைகள்

இது புதிய நோய் இல்லை. தெருவுக்கடியில் மின்சாரம் போன முதல் ஆண்டிலேயே தொடங்கியது.

1882 செப்டம்பர் 4 அன்று, நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசன் தன் மின்நிலையத்தை இயக்கி வைத்தார். கம்பிகளைத் தலைக்குமேல் இழுக்காமல், இரும்புக் குழாய்களுக்குள் வைத்துத் தெருவைத் தோண்டிப் புதைத்திருந்தார். அடுத்து நடந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, ஆன் தெருவும் நாசாவ் தெருவும் சந்திக்கும் முனையில் ஏதோ கோளாறு, உடனே ஆள் அனுப்புங்கள் என்றார். அங்கே போய்ப் பார்த்தால் கூட்டம். சந்திப்புப் பெட்டியிலிருந்து ஈரத் தெருவுக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருக்கிறது. வண்டி இழுத்து வரும் குதிரை அந்த இடத்தில் லாடம் பதித்ததும் மிரண்டு குதிக்கிறது. கிழட்டுக் குதிரைகூட நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிறது. மறுநாள் குதிரை ஏலம் விடுகிற ஒருவர் எடிசனைத் தேடி வந்து, இந்த ஏற்பாட்டைத் தன் ஏலக்கொட்டிலிலும் செய்து தர முடியுமா என்று விசாரித்தாராம். நோஞ்சான் குதிரைகளை உயர்சாதிக் குதிரைகளாகக் காட்டி விற்றுவிடலாம் என்பது அவர் திட்டம்.

அன்று அந்தக் கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது. எடிசன் கொடுத்தது 110 வோல்ட் நேர்மின்சாரம். குதிரைகளின் பாய்ச்சலோடு அது முடிந்தது. 122 ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில், அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, எடிசனின் பெயரையே தாங்கிய நிறுவனத்தின் மூடியில் ஒரு பெண் இறந்தார்.

மன்ஹாட்டன் தன் ஒயர்களைப் புதைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 1880-களில் தந்தி, தொலைபேசி, மின்விளக்குக் கம்பிகள் தெருக்களின்மேல் சிலந்திவலைபோல் பின்னிக்கிடந்தன. 1888 மார்ச்சில் வீசிய பெரும் பனிப்புயலில் கம்பங்கள் முறிந்து நகரமே முடங்கியது. எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் கொண்டுபோ என்று நகரம் உத்தரவிட்டது. அறுந்து விழுகிற கம்பி இல்லை, புயலில் சாய்கிற கம்பம் இல்லை. ஆனால் தலைக்குமேல் கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கடியில் காப்பு கிழிந்தால் தெரியாது. இன்று கான் எடிசனிடம் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பாதாளக் குழிகளும் சர்வீஸ் பாக்ஸ்களும் இருக்கின்றன. குளிர்காலம்தோறும் சாலையில் கொட்டும் உப்பு உருகிய பனியோடு இந்தக் குழிகளுக்குள் இறங்கி ஒயரின் தோலை அரிக்கிறது. அரித்த இடத்தில் கரண்டுக்குப் பாதையும் போட்டுக்கொடுக்கிறது. நமக்கு அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை செய்கிறது.

தேடினார்கள், கிடைத்தன

ஜோடி லேன் இறந்தபின் அவருடைய குடும்பம் செய்ததை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். அதே ஆண்டு நவம்பரில் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது: குடும்பத்துக்கு 62 லட்சம் டாலர், அவர் படித்த கல்லூரியில் அவர் பெயரால் உதவித்தொகை வழங்கப் பத்து லட்சம் டாலர். பணத்தோடு ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் ஒதுங்கவில்லை. அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, எத்தனை மூடிகளில் கசிவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்போது சரிசெய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2005 ஜனவரியில் நியூயார்க் மாநிலப் பொதுச்சேவை ஆணையம் ஓர் ஆணை போட்டது. பொதுமக்கள் கை படக்கூடிய, கால் படக்கூடிய எல்லா மின்சாதனங்களையும் மின்நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கசிவுக்காகச் சோதிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து ஆய்வு செய்ய வேண்டும். மாதிரிக்குச் சில எடுத்துப் பார்ப்பது செல்லாது, எல்லாவற்றையும். இலக்கை எட்டாவிட்டால் நிறுவனத்துக்கு அனுமதிக்கப்படும் லாப விகிதத்திலேயே வெட்டு விழும் என்றும் எழுதி வைத்தார்கள். இந்தக் கடைசி வரிதான் மற்ற வரிகளுக்கு உயிர் கொடுத்தது என்பது என் கணிப்பு.

முதல் ஆண்டுச் சோதனையின் முடிவு 2006 மார்ச்சில் வெளியானது. கான் எடிசனின் எல்லைக்குள் கசிவு கண்ட இடங்கள் 1,214. அவற்றில் 1,083 தெருவிளக்குகள். 99 மின்கம்பங்கள். குழி, சர்வீஸ் பாக்ஸ், மின்மாற்றி அறை போன்றவை 32.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு மரணம் நிகழ்ந்தது மூடியில். அதனால் எல்லோருடைய பார்வையும் மூடிகள்மேல் இருந்தது. எல்லாவற்றையும் தேடிப் பார்த்தபோதுதான், பத்தில் ஒன்பது கசிவு தெருவிளக்குகளில் இருப்பது தெரிந்தது. தெருவிளக்குகள் மாநகராட்சியுடையவை, அவற்றுக்கு வரும் கரண்ட் மின்நிறுவனத்துடையது. இரண்டு துறைகளின் எல்லைக்கோடு எங்கே போகிறதோ அங்கேதான் ஒயர் காப்பில்லாமல் கிடக்கிறது. இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?

தொடக்கத்தில் ஆட்கள் கையில் சோதனைப் பேனாவோடு ஒவ்வொரு கம்பமாகத் தொட்டுப் பார்த்தார்கள். அதில் ஒரு சிக்கல். பகலில் தெருவிளக்கு அணைந்திருக்கும். கரண்டே இல்லாத ஒயரில் கசிவு தெரியாது. பிறகு நியூ ஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனிலுள்ள சர்னாஃப் ஆய்வு நிறுவனம் ஒரு கருவியை உருவாக்கியது. வண்டியில் பொருத்திக்கொண்டு இரவில் தெருத்தெருவாக மெதுவாக ஓட்டிப்போவார்கள். மின்னூட்டம் ஏறிய எந்த உலோகமும், ஈரத் தரையும், தன்னைச் சுற்றி நொடிக்கு அறுபது முறை அலைவுறும் மின்புலத்தை உண்டாக்கும். அமெரிக்க மின்சாரத்தின் அதிர்வெண் அதுதான். வண்டியிலுள்ள உணர்கருவி அதைச் சில அடி தூரத்திலிருந்தே பிடித்துவிடும். சத்தம் எழுந்ததும் இறங்கிப்போய் மீட்டர் வைத்து அளப்பார்கள். யாரும் புகார் செய்யாத, யாருக்கும் ஷாக் அடிக்காத இடங்கள் இப்படித்தான் வெளியே வந்தன. கையால் தொட்டுப் பார்க்கிறவர் தன் பட்டியலில் இருப்பதை மட்டும் சோதிப்பார். வண்டியோ பட்டியலில் இல்லாத வேலிக்கம்பியையும் பஸ் நிழற்குடையையும் கட்டட வாசலின் கைப்பிடியையும் காட்டிக்கொடுத்தது. எங்கோ புதைந்த ஒயர் கிழிந்து, பத்தடி தள்ளியிருக்கும் இரும்புக்கு உயிர் வந்திருக்கும்.

அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நல்ல டிஜிட்டல் மீட்டர் தன் வழியே கரண்டை ஓடவே விடாது. ஆகவே பக்கத்தில் ஓடும் ஒயரின் தூண்டலால் எழும் வெற்று வோல்டேஜைக்கூட 40, 50 என்று காட்டும். அதில் கை வைத்தால் ஒன்றும் இருக்காது. அதனால் மீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 500 ஓம் தடை ஒன்றை இணைத்து மறுபடி அளக்கிறார்கள். அந்த 500 ஓம் தடை, தடை மிகவும் குறைந்துபோன மனித உடம்பின் இடத்தில் நிற்கிறது. தூண்டலால் வந்தது என்றால் எண் சரிந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். நிஜக் கசிவு என்றால் எண் அப்படியே நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘ஸ்ட்ரே வோல்டேஜ்’ என்ற பெயர் முதலில் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையே எழும் ஒன்றிரண்டு வோல்ட்டால் அமெரிக்கப் பண்ணைகளில் பசுக்கள் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்க மறுக்கும், பால் குறையும். அங்கே ஒயரில் பழுது இருக்க வேண்டிய அவசியமில்லை. தெருவில் மூடி உயிர் பெறுவது பழுதால். மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, பின்னதைத் ‘தொடு மின்னழுத்தம்’ என்ற பொருளில் தனிப்பெயரிட்டுப் பிரித்தது. பெயர்தானே என்று நினைக்க வேண்டாம். ‘அலைந்து திரிகிற மின்சாரம்’ என்றால் யாருக்கும் பொறுப்பில்லாத இயற்கைச் சமாசாரம்போல ஒலிக்கிறது. ‘பழுதான ஒயர்’ என்றால் அதைப் போட்டவர், பார்க்கத் தவறியவர் என்று ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

டொரன்டோ

நம் ஈழத்து உறவுகள் பல்லாயிரம் பேர் வாழ்கிற டொரன்டோவுக்கு இந்தப் பாடம் 2008-09 குளிர்காலத்தில் வந்தது. நடைபாதையில் தெருவிளக்கு ஒயர்களை இணைக்கும் சின்னக் குழிகள் இருக்கும். ஓர் ஆள் கை விட்டு வேலை செய்யும் அளவு. அவற்றின் உலோக மூடிகளை மிதித்த நாய்கள் இறந்தன. பிறகு குழந்தைகளுக்கு ஷாக் அடித்தது. அங்குள்ள மின்நிறுவனமான டொரன்டோ ஹைட்ரோ வழக்கமான வேலைகளை நிறுத்திவைத்து, ஆட்களை மொத்தமாகத் தெருவில் இறக்கி, நகரம் முழுவதுமுள்ள அந்தக் குழிகளைச் சில வாரங்களில் சோதித்தது. தலைவர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னாளில் உலோக மூடிகளை எடுத்துவிட்டுக் கரண்ட் பாயாத கலவைப் பொருளால் ஆன மூடிகளைப் பொருத்தும் திட்டமும் வந்தது. மூடியில் இரும்பே இல்லையென்றால் மூடிக்கு உயிர் வராது. சொல்லப்போனால் இதுதான் எல்லாவற்றிலும் எளிய தீர்வு.

நம் தெருவுக்கு வருவோம்

2017 நவம்பர் 1. பருவமழை தொடங்கிய நேரம். சென்னை கொடுங்கையூரில் பத்து வயதுகூட நிரம்பாத இரண்டு சிறுமிகள் தேங்கிய மழைநீரில் கால் வைத்தார்கள். மின்பெட்டியிலிருந்து வந்த ஒயர் தண்ணீருக்குள் கிடந்தது. இருவரும் இறந்தார்கள்.

2019 செப்டம்பர். முகலிவாக்கம். தெருவிளக்குக்குப் போகும் புதைவடம் மண்ணுக்கு வெளியே வந்திருந்த இடத்தில் நீர் நின்றது. மிதித்த 14 வயதுச் சிறுவன் இறந்தான். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில், விடியுமுன் வேலைக்குப் புறப்பட்ட தூய்மைப் பணியாளர் ஒருவர் மழைநீரில் கால் வைத்து இறந்தார். ஊர் எழுவதற்குமுன் தெருவைச் சுத்தம் செய்யப் போனவர். அங்கேயும் நிலத்தடி வடத்திலிருந்து கசிவு.

மூன்றிலும் நடந்த காரியங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடந்தன. மறியல், நிவாரணம், விசாரணை. கொடுங்கையூரில் ஊழியர்கள் பணியிடை நீக்கமும். அடுத்த சில நாட்களில் அந்த வட்டாரத்துப் பெட்டிகளைச் சரிசெய்தார்கள். நான் பொறுமையிழப்பது இந்த இடத்தில்தான். இறந்த இடத்தில் இருக்கும் பெட்டி இனிப் பாதுகாப்பானது. நகரத்திலேயே அதிகக் கண்கள் படுகிற பெட்டி அதுதான். மரணம் நிகழாத மற்ற தெருக்களின் கதை என்ன? நியூயார்க்கில் ஒரு மரணத்துக்குப்பின் தேடியபோது 1,214 கிடைத்தன. அங்கே இருப்பது 120 வோல்ட். நமக்கு 230. நம் மண்ணில் ஆண்டுக்கு இரண்டு மாதம் முழங்கால் தண்ணீர். சென்னை மாநகராட்சியிடம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் உண்டு. மெட்ரோவுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் குடிநீருக்கும் இணைய வடத்துக்கும் ஆண்டு முழுக்கத் தோண்டுகிறோம். பொக்லைனின் பல் பட்டுத் தோல் கிழிந்த வடத்தின்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இந்தியாவில் மின்சாரம் பாய்ந்து இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்துப் பதிவேடுகள். வயலில், வீட்டில், வேலையிடத்தில் இறந்தவர்களும் அதில் அடக்கம். தெருவில் நடந்துபோனவர் எத்தனை பேர் என்று தனிக்கட்டம் போட்டு எண்ணத் தொடங்கினாலே பாதி வேலை முடியும்.

மின்வாரிய ஊழியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பருவமழைக்கு முன்னால் அவர்கள் பில்லர் பாக்ஸ்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கிறார்கள், கதவு இல்லாதவற்றுக்குக் கதவு போடுகிறார்கள், வெள்ளம் ஏறினால் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தையே நிறுத்துகிறார்கள். அந்த நிறுத்தத்துக்கு நாம் போனில் திட்டுகிறோம். அது உயிரைக் காக்கிற நிறுத்தம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலை செய்து உயிர்விட்ட ஒயர்மேன்களும் உண்டு. என் கேள்வி அவர்களை அனுப்புகிறவர்களிடம். கண்ணுக்குத் தெரிகிற பெட்டியைப் பார்த்து வா என்று அனுப்புகிறீர்கள். இரவில், விளக்கு எரியும்போது, எல்லாக் கம்பத்தையும் எல்லா மூடியையும் தொட்டு அளந்து வா என்று ஏன் அனுப்புவதில்லை? அதற்கு அமெரிக்க வண்டிகூட வேண்டாம். கருவியும் இரண்டு ஆளும் வார்டு வாரியாக ஒரு பதிவேடும் இருந்தால் ஆகஸ்டில் தொடங்கி அக்டோபருக்குள் ஒரு மண்டலத்தை முடிக்கலாம். தெருவிளக்குச் சுற்றுகளுக்கு ஆர்.சி.டி. பொருத்துவது அடுத்த படி. கசிந்த நொடியிலேயே தெரு இருண்டுவிடும். இருண்டால் புகார் வரும். புகார் வந்தால் ஆள் வருவார். கசிவுக்கு ஒரு குரல் கிடைத்துவிடும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனாலும் சொல்கிறேன். தேங்கிய நீரில் கால் வைத்ததும் சுரீரென்று இழுத்தால் முன்னே எட்டு வைக்காதீர்கள்; இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தரையிலிருந்து தூக்காமல் நகர்த்தி நகர்த்தி வந்த வழியே பின்வாங்குங்கள். அகலமாக எட்டு வைத்தால் இரண்டு காலுக்கும் இடையே வோல்டேஜ் கூடும். விழுந்து கிடப்பவரைத் தொட ஓடாதீர்கள். கரண்டை நிறுத்தும்வரை அவர் உடம்பும் ஒரு ஒயர்தான். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. எந்த நேரமும் எடுப்பார்கள். கம்பம், எண், தெரு சொல்லுங்கள். தெருநாய் ஒரு கம்பத்தடியில் செத்துக் கிடந்தால் மாநகராட்சிக்கு மட்டும் சொல்லி விடாமல் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள். அந்த நாய் ஏதோ கண்டுபிடித்திருக்கலாம்.

நியூயார்க்கின் முதலாம் நிழற்சாலையும் கிழக்கு 11-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இன்று ‘ஜோடி லேன் ப்ளேஸ்’ என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அந்த ஊரில் இப்போது ஒரு வழக்கம். ஒரு கம்பத்திலோ மூடியிலோ கசிவு கண்டால், கண்டவர் குறித்துக்கொண்டு போய்விடக் கூடாது. பழுது பார்க்கும் குழு வந்து சரிசெய்யும்வரை அங்கே ஒருவர் காவல் இருக்க வேண்டும். பனி கொட்டும் ராத்திரியாக இருந்தாலும், அந்த வழியே நடந்து வருகிறவரை நிறுத்திச் சுற்றிப் போகச் சொல்வதற்காக, ஒரு மூடிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

நம் ஊரில் திறந்த குழிக்குள் யாரோ ஒரு புண்ணியவான் மரக்கிளையை நட்டு வைத்துவிட்டுப் போவார். முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். வருகிற அக்டோபரில், மழைக்கு முன்னால், அந்தக் கிளை நிற்கிற இடத்தில் கையில் மீட்டரோடு ஒரு மின்வாரிய ஊழியர் நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.